கேம்பர் வேனின் பின்னால் சைக்கிள் ரேக்: முதலில் எடை, அப்புறம்தான் கடை

படுக்கையும் அடுப்பும் வைத்த கேம்பர் வேனை கேம்ப்சைட்டில் நிறுத்தி, மின்சாரக் கேபிளை மாட்டி, பக்கவாட்டுப் பந்தலை விரித்து, நாற்காலியும் போட்டாயிற்று. இனி மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடைக்குப் போக வேண்டுமென்றால் அத்தனையையும் மறுபடி சுருட்ட வேண்டும். ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையிலோ, பாசாவிலிருந்து வியன்னா வரை டான்யூப் ஓரமாகவே போகும் சைக்கிள் பாதையிலோ போய் இறங்கினால், அந்த ஊர்களைச் சுற்றிப் பார்க்க வேனைவிடச் சைக்கிள்தான் சரியான வண்டி என்பது தெரிந்துவிடும். ஐரோப்பியச் சாலைகளில் இத்தனை கேம்பர் வேன்கள் முதுகில் சைக்கிளோடு போவது அதனால்தான்.

புதிதாக வேன் வாங்கியவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எந்த ரேக் நல்லது?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "என் சைக்கிள்கள் எத்தனை கிலோ, என் வேன் பின்னால் எத்தனை கிலோ தாங்கும்?" இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் கடையில் இருக்கும் பத்து ரேக்கில் ஏழெட்டு தானாகவே கழிந்துவிடும். அதனால் இந்தக் கட்டுரையில் எடைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். உதாரணங்களுக்கு ஃபியட் டுகாட்டோவை எடுத்துக்கொள்கிறேன். பெஜோ பாக்ஸரும் சிட்ரோயன் ஜம்பரும் அதே உடம்புதான். ஐரோப்பாவில் கேம்பராக மாற்றப்படும் வேன்களில் இந்தக் குடும்பத்தைத்தான் எங்கும் பார்க்கலாம்.

முதல் படி: சைக்கிளை எடை போடுங்கள்

வீட்டில் எடை பார்க்கும் மெஷினில் முதலில் நீங்கள் மட்டும் ஏறி நில்லுங்கள். பிறகு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சைக்கிளின் எடை. கம்பெனி அச்சிட்டிருக்கும் எடையை எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் சின்ன சைஸ் ஃபிரேமுக்கு, ஸ்டாண்டு, மட்கார்டு, பூட்டு எதுவும் இல்லாமல் போட்டது.

சாதாரண டூரிங் சைக்கிள் 13 முதல் 17 கிலோ வரும். மோட்டார் வைத்த இ-பைக் என்றால் 22 முதல் 28 கிலோ. அதில் பேட்டரி மட்டும் மூன்று, நான்கு கிலோ. பேட்டரியைக் கழற்றி வேனுக்குள் வைத்துவிட்டால் ரேக்குக்கு அந்த எடை குறையும். மழை, அதிர்வு, திருட்டு மூன்றிலிருந்தும் பேட்டரி தப்பிக்கும். கழற்றிய இடத்தில் தெரியும் மின் தொடர்பு முனைகளை மூட நியோபிரீன் உறை கிடைக்கிறது. உறை வாங்காவிட்டால் ஒரு பிளாஸ்டிக் பையையாவது இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள். மழையில் பின்சக்கரங்கள் வாரியடிக்கும் சேறு நேராக அங்கேதான் போய் உட்காரும்.

இரண்டாம் படி: வேன் என்ன சொல்கிறது என்று பாருங்கள்

இங்கே நான்கு எண்கள் இருக்கின்றன. நான்கில் எது முதலில் நிரம்புகிறதோ அதுதான் உங்கள் எல்லை.

ஒன்று, ரேக்கின் தாங்கு எடை. டுகாட்டோ பின்கதவில் மாட்டும் ரேக்குகள் பலவற்றில் இது 35 கிலோதான். 14 கிலோ சைக்கிள் இரண்டு என்றால் 28 கிலோ, கவலையில்லை. 25 கிலோ இ-பைக் இரண்டு என்றால், பேட்டரியைக் கழற்றினாலும் 43 கிலோ. அந்த ரேக் உங்களுக்கு ஆகாது. "கொஞ்சம்தானே அதிகம், கம்பி தாங்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒருவேளை கம்பி தாங்கலாம். ஆனால் அந்த எடையைச் சுமப்பது கதவின் தகரமும் கீல்களும். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த 43 கிலோ பலமடங்காகி இழுக்கும். மொத்த எடை போதாதென்று, சக்கரங்கள் உட்காரும் ஒரு தண்டவாளத்துக்கு, அதாவது ஒரு சைக்கிளுக்கு, இவ்வளவுதான் என்றும் ஓர் எல்லை எழுதியிருப்பார்கள். அதையும் பாருங்கள்.

இரண்டு, டோ பார், அதாவது டிரெய்லர் இழுக்கப் பின்னால் பொருத்தும் கம்பி வைத்திருந்தால், அதன் முனையில் இருக்கும் உருண்டைக் குமிழ் மேல் எவ்வளவு எடை உட்காரலாம் என்பது. ஜெர்மனியில் இதை ஷ்டூட்ஸ்லாஸ்ட் என்பார்கள். வண்டியின் ஆவணத்திலும் டோ பாரில் ஒட்டியிருக்கும் தகட்டிலும் இருக்கும். 75 முதல் 100 கிலோ வரை இருப்பது சாதாரணம். இரண்டிடத்திலும் வெவ்வேறாக இருந்தால் சின்னதுதான் கணக்கு. இந்த எடையில் ரேக்கின் சொந்த எடையும் சேரும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 75 கிலோ எல்லை, ரேக் 18 கிலோ என்றால் சைக்கிளுக்கு மிஞ்சுவது 57. பேட்டரி கழற்றிய இரண்டு இ-பைக் 43 கிலோ. தாராளமாக ஏற்றலாம். மூன்றாவதாக இன்னொரு இ-பைக்கை ஏற்ற முடியாது.

மூன்று, பின் ஆக்சிலின், அதாவது பின்சக்கர அச்சின் எல்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சைக்கிள் பின்சக்கரத்துக்கு மேலே உட்காரவில்லை, அதற்கும் பின்னால் தொங்குகிறது. அதனால் அது பின்பக்கத்தை அழுத்தும்போது முன்பக்கத்தைத் தூக்குகிறது. 5.99 மீட்டர் நீள டுகாட்டோவில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 4.035 மீட்டர். பின் ஆக்சிலிலிருந்து கதவு வரை சுமார் ஒரு மீட்டர். ரேக்கில் மாட்டிய சைக்கிள்களின் நடுப்பகுதி பின் ஆக்சிலுக்கு 1.4 மீட்டர் பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ரேக்கும் சைக்கிளும் சேர்த்து 60 கிலோ என்றால், 4.035-ஐயும் 1.4-ஐயும் கூட்டி, 4.035-ஆல் வகுத்து, 60-ஆல் பெருக்கினால் 81 கிலோ வரும். நீங்கள் ஏற்றியது 60, பின் ஆக்சில் உணர்வது 81. அந்த 21 கிலோ முன் ஆக்சிலிலிருந்து போனது. டுகாட்டோவுக்கு முன்சக்கர இழுவை. முன்னால் எடை குறைந்தால் ஈரப் புல்வெளியில் சக்கரம் சும்மா சுழலும். இதே வேனின் 6.36 மீட்டர் மாடலில் ஆக்சில் தூரம் மாறுவதில்லை, பின்பகுதிதான் நீள்கிறது. அதனால் அதே 60 கிலோ அங்கே 86 கிலோவைத் தாண்டிவிடும். உங்கள் வேனின் அளவுகளைப் போட்டு இந்தக் கணக்கை ஒரு தடவை செய்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

நான்காவது, வண்டியின் மொத்த எடை. பெரும்பாலான கேம்பர் வேன்கள் 3,500 கிலோ எல்லைக்குள் பதிவானவை. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பந்தல் என்று ஏற்கெனவே அதை ஒட்டித்தான் ஓடிக்கொண்டிருக்கும். டோ பார் புதிதாகப் போட்டால் அதுவே முப்பது கிலோவை ஒட்டி வரும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எடைமேடையில் கிடைக்கும். பயணத்துக்குக் கிளம்புவது போலவே டீசல், தண்ணீர், கேஸ், சாப்பாட்டுச் சாமான், ஆட்கள், சைக்கிள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போங்கள். முழு வண்டியை ஒரு தடவையும், பின்சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி இன்னொரு தடவையும் நிறுத்தி எடை பாருங்கள். ஜெர்மனியில் டியூஃப், டெக்ரா என்னும் வாகனப் பரிசோதனை நிலையங்களிலும், கிராமங்களில் ரைஃபைசன் கூட்டுறவுக் கிடங்குகளிலும் எடைமேடை இருக்கும்.

மூன்றாம் படி: எந்த வகை ரேக்

முக்கியமாக மூன்று வகை. கதவில் மாட்டுவது, டோ பாரில் மாட்டுவது, பெரிய மோட்டார்ஹோம்களின் பின்சுவரில் துளை போட்டுப் பொருத்துவது. மூன்றாவது, டுகாட்டோ போலத் தகர உடம்புள்ள பேனல் வேன் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தாது. மோட்டார்ஹோம்காரர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: சுவருக்குள் வலுவூட்டிய இடம் எங்கே என்று வண்டி தயாரித்தவரிடம் எழுதிக் கேட்டு வாங்கிய பிறகே டிரில்லை எடுங்கள். துளை வழியே நீர் கசிந்தால் உள்ளே இருக்கும் மரச்சட்டம் வெளியே தெரியாமல் மக்கிவிடும்.

கதவு ரேக்கில் விலை குறைவு, எடை குறைவு. டோ பார் தேவையில்லை. பெரும்பாலும் நம்பர் பிளேட்டும் விளக்குகளும் மறைவதில்லை. சைக்கிள் உயரத்தில் இருப்பதால் சேறும் குறைவு. இத்தாலியின் ஃபியம்மா, ஸ்வீடனின் தூலே இரண்டும் இந்த வகையில் பிரபலம். குறை என்னவென்றால், சைக்கிளை நெஞ்சு உயரத்துக்குத் தூக்க வேண்டும். 14 கிலோவைத் தூக்கலாம். 22 கிலோ இ-பைக்கைத் தினமும் அந்த உயரத்துக்குத் தூக்கி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் ஃபிரேமைக் கவ்வும் கிளாம்ப்பைப் பூட்டுவது முதுகுக்கு நல்லதல்ல. கடையில் உங்கள் சைக்கிளையே கொண்டுபோய் ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். குடும்பத்தில் யார் ஏற்றப்போகிறாரோ அவரை ஏற்றச் சொல்லுங்கள்.

டுகாட்டோவின் இரட்டைக் கதவுக்கு வாங்கும்போது, சைக்கிள் மாட்டிய நிலையில் எந்தக் கதவு திறக்கும் என்று கட்டாயம் கேளுங்கள். சில ரேக்குகள் ஒரே கதவில் உட்காரும். மற்ற கதவு எப்போதும் போலத் திறக்கும். சில இரண்டு கதவுக்கும் குறுக்கே போகும். சைக்கிளை இறக்கினால்தான் திறக்க முடியும். உங்கள் படுக்கை பின்கதவை ஒட்டி இருந்து, கீழே உள்ள அறையில் கேஸ் சிலிண்டரோ தண்ணீர்க் குழாயோ இருந்தால் ஒரு கதவாவது சட்டென்று திறந்தாக வேண்டும். ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் போல மேலே தூக்கும் டிக்கி கதவு என்றால் வேறு பிரச்சினை. ரேக்கின் எடை கூடியதும் கதவைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட்டால் பிடித்து நிற்க முடியாமல் போகும், கதவு தலையில் இறங்கும். வலுவான ஸ்ட்ரட் கிடைக்கிறது. அதைப் போட்டாலும் சைக்கிளோடு கதவைத் திறக்காதீர்கள்.

டோ பார் ரேக் தாழ்வாக இருக்கும், இடுப்பு உயரம்கூட வராது. சைக்கிளை அதில் ஏற்றுவது சுலபம். சறுக்குப் பலகை வைத்து உருட்டி ஏற்றவும் வழி உண்டு. அதிக எடை தாங்கும். இ-பைக் என்றால் என் யோசனை தயக்கமில்லாமல் இதுதான். ஆனால் டோ பார் இல்லாத வேனுக்கு அதைப் பொருத்தும் செலவு ரேக்கின் விலையையே தாண்டலாம். அப்புறம், கடைக்காரர் "சாய்க்கும் வசதி இருக்கிறது, கதவு திறக்கும்" என்பார். அது காரின் டிக்கிக்குச் சரி. டுகாட்டோவின் இரட்டைக் கதவுகள் பக்கவாட்டில் வீசித் திறப்பவை. சாய்த்தாலும் பல சமயம் இடிக்கும். அந்த வேன்களுக்கென்று, சைக்கிளோடு சேர்ந்து கதவு போல ஒரு பக்கம் சுழன்று விலகும் ரேக்குகள் வருகின்றன. விலையும் எடையும் கூடுதல். எடையை மேலே சொன்ன கணக்கில் மறுபடி போட்டுப் பாருங்கள்.

வாங்குமுன் சைக்கிளையும் அளக்க வேண்டும். இரண்டு சக்கரங்களின் மையத்துக்கு இடையே உள்ள தூரம் ரேக்கின் தண்டவாளத்துக்குள் அடங்குகிறதா? டயர் அகலமென்றால் தண்டவாளமும் பட்டையும் அதற்குப் போதுமா? ஃபிரேம் குழாய் தடிமனாக இருந்தால் கிளாம்பின் வாய் பிடிக்கிறதா? மேல்குழாய் இல்லாத, காலை எளிதாக எடுத்து வைக்கும் ஃபிரேம் என்றால் ஹேண்டில் கழுத்துக்கும் சீட்டுக் கம்பிக்கும் நடுவே பொருத்தும் துணைக் கம்பி தனியாகக் கிடைக்கும். கார்பன் ஃபிரேமை கிளாம்பால் பிடிக்கக் கூடாது. அழுத்தத்தில் வெளியே தெரியாத விரிசல் விடும். சக்கரத்தை மட்டும் பிடிக்கும் ரேக்கைத் தேடுங்கள்.

நான்காம் படி: பொருத்துவது

கதவு ரேக் கதவின் விளிம்பைக் கவ்விக்கொண்டு நிற்கும். கவ்வும் தகடு படும் இடங்களை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர விடுங்கள். அங்கே பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் துண்டு ஒன்றை ஒட்டிய பிறகே தகட்டை வையுங்கள். தகட்டுக்கு அடியில் ஒரு மணல் துகள் மாட்டினாலும் போதும், ஓடும் அதிர்வில் பெயின்ட்டைத் தேய்த்துத் தகரம் தெரிந்துவிடும், அங்கிருந்து துரு. போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன டார்க் (முடுக்கும் விசை) அளவுக்கு, மேலும் கீழுமாக மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்த பக்கம் போனால் ரேக் கோணலாகும். முடிந்ததும் கதவை மூடி, ரப்பர் சீல் எல்லாப் பக்கமும் ஒட்டுகிறதா என்று ஒரு காகிதத் துண்டைச் செருகி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அங்கே மழைநீர் வரும்.

டோ பார் ரேக் என்றால் குமிழில் ஒரு துளி கிரீஸ்கூட இருக்கக் கூடாது. டிரெய்லர் இழுத்தவர்கள் தடவி வைத்திருப்பார்கள். ரேக் நிற்பதே உராய்வில்தான். துடைத்துவிட்டு மாட்டுங்கள். குமிழ் எஃகில் செய்ததா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அலுமினியக் குமிழில் மாட்டக் கூடாது என்று ரேக் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். மின் பிளக்கில் 7 முனை, 13 முனை என்று இரண்டு வகை. ஒன்றுக்கொன்று பொருந்தாது. நடுவில் மாட்ட அடாப்டர் கிடைக்கும். புகைக்குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் குனிந்து பாருங்கள். சூடான புகை நேரே சைக்கிள் டயரில் பட்டால் ரப்பர் கெடும்.

ஐந்தாம் படி: சட்டம்

ரேக் விளக்கையோ நம்பர் பிளேட்டையோ மறைத்தால், ரேக்கிலேயே அவை மறுபடி இருக்க வேண்டும். ஜெர்மனியில் இதற்கு அதே எண் போட்ட இன்னொரு பிளேட் போதும், அதில் அரசு முத்திரை தேவையில்லை. இங்கிலாந்தில் பின்பக்கத்துக்குரிய மஞ்சள் பிளேட் வேண்டும். மறைந்த பிளேட்டோடு ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதம் வரலாம்.

இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போகிறவர்கள், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுமையில் 50-க்கு 50 சென்டிமீட்டர் அளவில் சிவப்பு வெள்ளைச் சாய்கோடுகள் போட்ட, ஒளி பிரதிபலிக்கும் பலகையைக் கட்ட வேண்டும். இத்தாலிக்கு அலுமினியப் பலகையாக வாங்குங்கள். ஸ்பெயின் பலகையில் கோடுகள் வேறு மாதிரி, அதைத் தனியாகப் பாருங்கள். நான்கு மூலையிலும் கட்டுங்கள். இரண்டு மூலையில் மட்டும் கட்டினால் காற்றில் படபடத்துச் சைக்கிளையே கீறும்.

வேனின் நீளமும் இப்போது மாறிவிட்டது. 5.99 மீட்டர் வேனை வாங்குவதில் ஒரு லாபம், 6 மீட்டருக்குள் அடங்குவது. சைக்கிள் மாட்டியதும் அது ஆறரை மீட்டரைத் தொடும். கப்பலில் டிக்கெட் எடுக்கும்போது ரேக்கையும் சேர்த்த நீளத்தைச் சொல்லுங்கள். துறைமுகத்தில் அளந்து பார்த்தால் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள்.

ஆறாம் படி: சைக்கிளை ஏற்றுவது

ஏற்றுவதற்கு முன்னால் கழன்று பறக்கக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பம்ப், தண்ணீர் பாட்டில், கூடை, குழந்தை சீட்டு, இ-பைக்கின் டிஸ்பிளே, சாவி.

கனமான சைக்கிள் முதலில், வேனை ஒட்டி. சக்கரங்களைத் தண்டவாளத்தில் வைத்ததும் கிளாம்பை விரலால் மட்டும் பிடிக்கும் அளவுக்குப் பூட்டுங்கள். அடுத்து சக்கரப் பட்டைகளை இழுத்துக் கட்டுங்கள். பட்டை டயரையும் ரிம்மையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். டிஸ்க் பிரேக் தகட்டின் மேலோ ஆரக்கம்பிகளைச் சாய்த்துக்கொண்டோ போகக் கூடாது. சக்கரம் அசையாமல் நின்ற பிறகு கிளாம்பை முழுதாக முடுக்குங்கள். இந்த வரிசையை மாற்றினால் ஃபிரேம் இழுபட்ட நிலையில் நிற்கும், ஓட ஓடத் தளரும்.

இரண்டாவது சைக்கிளை எதிர்ப்பக்கம் பார்க்க வையுங்கள். ஒன்றின் ஹேண்டில் இன்னொன்றின் சீட்டுப் பக்கம் வரும், முட்டாது. அப்படியும் ஒரு பெடல் எப்போதும் பக்கத்துச் சைக்கிளின் ஃபிரேமைத் தேடிப் போகும். கிராங்கைச் சுற்றி, பெடல் வெற்றிடத்துக்குள் வரும்படி வைத்து, அந்த நிலையிலேயே கிராங்கை ஃபிரேமோடு சேர்த்து வெல்க்ரோ பட்டையால் கட்டிவிடுங்கள். உரசக்கூடிய இடங்களில் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் ஃபோம் குழாயை வெட்டி மாட்டுங்கள். நூறு கிலோமீட்டர் அதிர்வில் பெடலின் பல் ஒரு ஃபிரேமின் பெயின்ட்டை உலோகம் வரை சுரண்டிவிடும்.

கடைசியாக, ரேக்கோடு வந்த பட்டைகளை நம்பி நிறுத்தாமல், கொக்கியுள்ள தனிப் பட்டை ஒன்றால் இரண்டு சைக்கிளையும் ரேக்கின் முக்கியச் சட்டத்தோடு சேர்த்துச் சுற்றிக் கட்டுங்கள். ஒரு கிளாம்ப் உடைந்தாலும் சைக்கிள் சாலையில் விழாது. மீந்த வால்களை முடிச்சுப் போட்டு அடக்குங்கள். முடிந்ததும் வெளிப்பக்கச் சைக்கிளின் சீட்டைப் பிடித்து பலமாக ஆட்டுங்கள். வேன் முழுவதும் சேர்ந்து ஆடினால் சரி. சைக்கிள் மட்டும் ஆடினால் மறுபடி முடுக்குங்கள். அப்புறம் ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக், இண்டிகேட்டர், ஹெட்லைட் என்று போடட்டும், இன்னொருவர் பின்னால் நின்று பார்க்கட்டும். மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கு மறையவில்லையே என்பதையும் அவரே பார்த்துச் சொல்லட்டும்.

சாலையில்

கிளம்பி ஐம்பது கிலோமீட்டருக்குள் ஒரு தடவை நிறுத்தி எல்லா முடுக்கிகளையும் தொட்டுப் பாருங்கள். புதுப் பட்டையும் புது ரேக்கும் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளர்வது சகஜம். அதன்பின் டீசல் போடும்போதெல்லாம் ஒரு பார்வை போதும். ரேக்கின் கையேட்டில் அதிகபட்ச வேகம் எழுதியிருக்கும், அதைத் தாண்டாதீர்கள். வேகத்தடையில் நடை வேகத்தில் ஏறி இறங்குங்கள்.

பின்னால் எடுக்கும்போது கேமராவும் சென்சாரும் உதவாது. சைக்கிள் கேமராவை மறைக்கும், சென்சார் சைக்கிளையே தடை என்று நினைத்துக் கத்தும். ஒருவரை இறங்கி நின்று பார்க்கச் சொல்லுங்கள். திரும்பும்போது வேனின் வால் வெளிப்பக்கமாக வீசும் என்பதும், இப்போது அந்த வால் நீண்டிருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

சைக்கிள் உறை போட்டு ஓட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். பெரிய உறை காற்றை வாங்கி ரேக்கை உலுக்கும், விளக்கையும் மறைக்கும். பல ரேக்குகளின் கையேடே வேண்டாம் என்கிறது. நிறுத்திய இடத்தில் போடுங்கள், ஓடும்போது வேண்டாம்.

ரேக்கோடு வரும் பூட்டு சின்னது. அதை நம்பி இரவு தூங்க முடியாது. தடித்த சங்கிலி ஒன்றை இரண்டு ஃபிரேமுக்குள்ளும் விட்டு, ரேக்கைச் சுற்றாமல், வேனின் சேசிஸில் இருக்கும் இழுவை வளையத்திலோ டோ பாரிலோ பூட்டுங்கள். ரேக்கைக் கழற்றினாலும் சைக்கிள் போகாது. காப்பீட்டில் ரேக்கில் இருக்கும் சைக்கிளுக்கு இரவில் பாதுகாப்பு உண்டா என்று பயணத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும் சைக்கிளைக் கழுவும்போது ஹப், செயின், இ-பைக் மோட்டார் பக்கம் ஹை பிரஷர் தண்ணீரைப் பாய்ச்சாதீர்கள், பேரிங்குக்குள் புகுந்துவிடும். வாளியும் பிரஷும் போதும். குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவ ஆரம்பித்ததும் ரேக்கைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். போல்ட்டுகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய், பட்டைகளில் நைந்தது இருந்தால் மாற்றம். எந்த போல்ட் எந்தத் துளைக்கு என்று ஒரு பையில் போட்டு எழுதி ரேக்கோடேயே கட்டி வைத்தால், அடுத்த ஏப்ரலில் மாட்டுவது அரைமணி நேர வேலைதான்.